எலி வாலில் ஒரு வழக்கு

1865-இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு சிறுவர் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், பக்கத்தின் நடுவே ஒரு வால் தொங்குகிறது. படமாக வரைந்த வால் இல்லை. புத்தகத்துக்குப் படம் போட்ட ஜான் டென்னியலுக்கு அந்த இடத்தில் வேலையே கிடையாது. கம்பாசிட்டர் ஈய எழுத்துகளை அடுக்கிச் செய்த வால் அது. மேலே ஓரளவு பெரிய எழுத்தில் தொடங்கும் வரிகள் ஒரு பக்கம் ஒதுங்குகின்றன, மறுபக்கம் திரும்புகின்றன, மறுபடியும் வளைகின்றன. இறங்க இறங்க எழுத்து சிறுத்துக்கொண்டே போய், நுனிக்கு வரும்போது கண்ணை இடுக்கித்தான் படிக்க முடிகிறது.

புத்தகம், லூயிஸ் கரோல் எழுதிய 'ஆலிஸின் அற்புத உலகம்'. குழந்தைகளுக்கான வேடிக்கையான வடிவக் கவிதை என்று பேச்செடுத்தால் பலரும் முதலில் காட்டுவது இந்த வாலைத்தான். காட்டிவிட்டு, "பாருங்கள், வால் மாதிரியே இருக்கிறது" என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விடுவார்கள். வால் மாதிரி இருப்பது சின்ன விஷயம். அது யார் கண்ணுக்கு வாலாகத் தெரிகிறது, ஏன் அப்படித் தெரிகிறது என்பதில்தான் சிரிப்பு இருக்கிறது. இந்த ஆய்வு அதைப் பற்றியது. ஒரே ஒரு பாட்டு, அதன் இரண்டு வடிவங்கள், அதை அடுக்கிய அச்சகம், அப்புறம் நம் எழுத்தில் அது எடுபடுமா என்ற ஒரு சின்ன முயற்சி.

கதையில் நடப்பது

ஆலிஸ் அழுத கண்ணீர்க் குளத்தில் அவளும் ஒரு கூட்டம் பறவைகளும் விலங்குகளும் விழுந்து நனைந்து கரையேறுகிறார்கள். எல்லோரையும் காய வைக்கிறேன் என்று எலி முன்வருகிறது. தனக்குத் தெரிந்ததிலேயே மிக வறண்ட சங்கதியான இங்கிலாந்து வரலாற்றுப் பாடத்தை ஒப்பிக்கிறது. ஒருவருக்கும் ஈரம் காயவில்லை. பிறகு வட்டமாக ஓடுகிறார்கள், ஓடிய எல்லோருக்கும் பரிசு. அதற்கும் பிறகுதான் ஆலிஸ், பூனையையும் நாயையும் உனக்கு ஏன் பிடிக்காது என்று எலியிடம் கேட்கிறாள். பெயரை முழுசாகச் சொன்னால் எலி கோபித்துக்கொள்ளும் என்று முதல் எழுத்துகளை மட்டும் காதோடு சொல்கிறாள்.

எலி பெருமூச்சு விட்டு, என் கதை நீளமானது, சோகமானது என்கிறது. ஆங்கிலத்தில் கதைக்கும் வாலுக்கும் உச்சரிப்பு ஒன்றே. ஆலிஸ் எலியின் வாலை வியப்போடு பார்க்கிறாள். நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன், சோகம் என்கிறாயே எப்படி என்று கேட்கிறாள். எலி பேசப் பேச அவள் மனம் அந்தப் புதிரிலேயே கிடக்கிறது. ஆகவே கதையைப் பற்றி அவள் மனத்தில் பதிந்தது ஏறத்தாழ இப்படி இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் கரோல் வாலைத் தொங்கவிடுகிறார்.

வாலில் உள்ள பாட்டின் சங்கதி இது. ப்யூரி என்ற நாய் ஒரு வீட்டில் எலியைச் சந்திக்கிறது. "வா, கோர்ட்டுக்குப் போவோம். உன்மேல் வழக்குப் போடப் போகிறேன். மாட்டேன் என்று சொல்லக் கூடாது, விசாரணை நடந்தே ஆக வேண்டும். ஏனென்றால் இன்று காலை எனக்கு உண்மையிலேயே வேறு வேலை இல்லை" என்கிறது. ஜூரியும் இல்லை, நீதிபதியும் இல்லை, இப்படி ஒரு விசாரணை வீண் பேச்சுத்தானே ஐயா என்று எலி மரியாதையாகக் கேட்கிறது. நீதிபதியும் நானே, ஜூரியும் நானே என்கிறது தந்திரக்கார நாய். முழு வழக்கையும் நானே விசாரிப்பேன், உனக்கு மரண தண்டனை விதிப்பேன். பாட்டு முடிந்தது.

மட்டை யாருடையதோ அவனே அம்பயர் என்ற தெருக் கிரிக்கெட் சட்டம் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இந்த நீதிமன்றம் புரியும். இதில் எனக்கு மிகவும் பிடித்த வரி அந்த "வேறு வேலை இல்லை"தான். நாய்க்குப் பகை இல்லை, பசிகூட இல்லை. பொழுது போகவில்லை, அவ்வளவுதான். பெரிய வகுப்புப் பையன்கள் சின்னப் பையன்களை வம்புக்கு இழுக்கும்போது பாதி நேரம் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

பாட்டை வாலோடு சேர்த்துப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. நாய் மிடுக்காக வழக்குப் போடும் இடத்தில் எழுத்து பெரிது, வரியும் அகலம். எலி வாதாடத் தொடங்குமுன்பே இடம் குறுகிவிடுகிறது. தீர்ப்பு வரும்போது ஒரு வரிக்கு ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் இடம் இல்லை. பாட்டிலேயே பெரிய சொல்லான மரணம், பக்கத்திலேயே மிகச் சிறிய எழுத்தில் வால்நுனியில் உட்கார்ந்திருக்கிறது. பயங்கரமான சங்கதியை இப்படிச் சுருக்கிப் பொடியாக்கி வைத்தால் குழந்தை பயப்படுவதில்லை, குனிந்து தேடுகிறது.

கவனிக்காத பிள்ளை

வால் வடிவத்தை எலி சொல்லவில்லை. எலி சொன்னது சாதாரண எதுகையுள்ள பாட்டு. அது வாலாக வளைவது ஆலிஸின் தலைக்குள். அதாவது, பெரியவர் ஒருவர் உருக்கமாகத் தன் குடும்பக் கதை சொல்லிக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்த பிள்ளை அவருடைய மூக்குக் கண்ணாடியையோ ஆடும் காலையோ பார்த்துக்கொண்டு "ம்" கொட்டினால், அதன் மனத்தில் கதை எப்படிப் பதியும்? அதைத்தான் கரோல் அச்சில் காட்டிவிட்டார். வாலின் படம் என்று சொல்வதைவிடக் கவனம் சிதறியதன் படம் என்று சொல்வது சரியாக இருக்கும்.

கதை இதை அடுத்த வரியிலேயே உறுதி செய்கிறது. எலி பாட்டை நிறுத்திவிட்டு, நீ கவனிக்கவே இல்லை, என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அதட்டுகிறது. மன்னித்துக்கொள், ஐந்தாவது வளைவுக்கு வந்துவிட்டாய் அல்லவா என்று ஆலிஸ் பணிவாகக் கேட்கிறாள். அகப்பட்டுக்கொண்டாள்! கதையில் வளைவு ஏது? அவள் எண்ணிக்கொண்டிருந்தது வாலின் வளைவுகளை. வாசிக்கும் பிள்ளை உடனே பக்கத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவி வளைவுகளை எண்ணத் தொடங்கும். அந்த நொடியில் அதுவும் கதையை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொள்கிறது. ஆலிஸ் செய்த அதே குற்றம்.

எலி கோபித்துக்கொண்டு எழுந்து போகிறது. வயதான ஒரு நண்டம்மா தன் மகளிடம், பார்த்தாயா, கோபப்படக் கூடாது என்பதற்கு இது ஒரு பாடம் என்கிறாள். மகள் வெடுக்கென்று, வாயை மூடு அம்மா, உன் பேச்சு சிப்பியின் பொறுமையைக்கூடச் சோதிக்கும் என்று பதில் சொல்கிறாள். நீதி சொல்ல வந்தவருக்கு நடந்த மரியாதை அது. அந்தக் காலத்து ஆங்கிலச் சிறுவர் பாட்டுகளில் பெரும்பகுதி, தேனீயைப் பார், சுறுசுறுப்பாக இரு என்ற வகை. கரோல் இதே புத்தகத்தில் அந்தத் தேனீப் பாட்டை முதலைப் பாட்டாக்கிக் கவிழ்த்திருக்கிறார். வால் பாட்டிலும் நீதி கிடையாது. எலி செய்த தப்பு என்று ஒன்றும் இல்லை, நாய்க்குத் தண்டனையும் இல்லை.

பாயின் கீழ் இருந்த எலிகள்

இந்தப் பாட்டு முதலில் இந்தப் பாட்டாக இருக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது.

கரோலின் சொந்தப் பெயர் சார்ல்ஸ் லட்விட்ஜ் டாட்சன். ஆக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணித விரிவுரையாளர். 1862 ஜூலை 4 அன்று ராபின்சன் டக்வொர்த் என்ற நண்பரோடும், கல்லூரித் தலைவர் லிடலின் மூன்று மகள்களோடும் தேம்ஸ் நதியில் படகில் போனார். லொரினா, ஆலிஸ், ஈடித். வழியெல்லாம் கதை. இறங்கியதும் நடுப்பெண் ஆலிஸ் அதை எழுதித் தரச் சொன்னாள். எழுதி, தானே படமும் வரைந்து, 1864 நவம்பர் 26 அன்று கையெழுத்துப் புத்தகமாக அவளுக்கு அனுப்பினார். அந்தப் பிரதி 1928-இல் ஏலத்தில் 15,400 பவுண்டுக்கு விலைபோய் அமெரிக்கா சென்றது. பிறகு அமெரிக்க அன்பர்கள் சேர்ந்து அதை வாங்கி, 1948-இல் பிரிட்டனுக்கே அன்பளிப்பாகத் தந்தார்கள். இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

அந்தக் கையெழுத்துப் பிரதியிலும் எலி உண்டு, வால் உண்டு. கையாலேயே வால்போல வளைத்து எழுதியிருக்கிறார். பாட்டுதான் வேறு. நாங்கள் பாயின் கீழ் வாழ்ந்தோம், கதகதப்பாக, சொகுசாக, கொழுகொழுவென்று. ஒரே ஒரு துன்பம், அது பூனை. எங்கள் மகிழ்ச்சிக்கு முட்டுக்கட்டை, கண்ணுக்கு மூட்டம், நெஞ்சுக்குப் பாரம், அது நாய். ஒருநாள் பூனையும் நாயும் சேர்ந்து எதையோ தேடிக்கொண்டு வந்து, பாயின் கீழ் உட்கார்ந்தபடியே இருந்த எலிகளைத் தட்டையாக நசுக்கிவிட்டன. கடைசியில், யோசித்துப் பார் என்று ஒரு சின்ன வரி.

இரண்டையும் ஒப்பிட்டால் முதலாவது வீட்டுப் பாட்டு. பாய், பூனை, நாய், எலி. எந்த வீட்டிலும் உள்ள குடித்தனம். வரிகளும் துண்டு துண்டாக இரண்டு மூன்று சொல்லில் முடிகின்றன, ஒரே எதுகை அடுக்கடுக்காக வருகிறது, அதனால் வாலாக வளைக்க அது இன்னும் தோதானது. ஆலிஸ் கேட்ட கேள்விக்கும் அதுதான் ஒழுங்கான பதில். அவள் கேட்டது பூனையையும் நாயையும் பற்றி. அச்சான பாட்டில் நாய் மட்டும்தான் இருக்கிறது, பூனையைக் காணோம். எலி தான் சொல்வதாக ஒப்புக்கொண்ட கதையில் பாதியைச் சொல்லவே இல்லை. ஆராய்ச்சியாளர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துச் சுட்டிக்காட்டிவிட்டார்கள்.

பிறகு ஏன் மாற்றினார்? அவர் சொன்ன காரணம் என்று எதையும் நான் இங்கே வைக்கவில்லை, புத்தகத்தை வைத்து என் கணிப்பைச் சொல்கிறேன். கையெழுத்துப் பிரதியிலிருந்து அச்சுக்குப் போகும்போது கதை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. சிரிக்கும் பூனையும் பைத்தியத் தேநீர் விருந்தும் அப்போது சேர்ந்தவைதான். கையெழுத்தில் சுருக்கமாக முடிந்த கடைசி நீதிமன்றக் காட்சி, அச்சில் இரண்டு அத்தியாயமாக நீண்டது. முதலில் தண்டனை, அப்புறம் தீர்ப்பு என்று ராணி கத்துகிற அந்தக் கோர்ட்டுக்கு முன்னோட்டமாக, வாலுக்குள் ஒரு குட்டிக் கோர்ட்டைத் திறந்துவைத்தார் என்று படிக்கலாம். அதோடு, நசுங்கிப் போன எலியின் கதையை எலி எப்படி வந்து சொல்லும் என்ற சங்கடமும் போயிற்று.

எனக்கு என்னவோ பழைய பாட்டின்மேல்தான் ஆசை. ஆனால் வாலுக்குப் பொருத்தம் புதியதுதான். பழையது ஒரே வேகத்தில் ஓடி, பட்டென்று நசுங்குகிறது. புதியது படிப்படியாக இறுகுகிறது, வால் சிறுப்பதுபோல. 1886-இல் கையெழுத்துப் பிரதியை அப்படியே படியெடுத்து மாக்மில்லன் பதிப்பகம் வெளியிட்டதால் வாசகர்கள் இரண்டு வாலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

அச்சகத்தில்

கையால் வளைத்து எழுதுவது எளிது. ஈய எழுத்தில் வளைவது அப்படியில்லை. ஈய எழுத்து ஒவ்வொன்றும் நாற்கோணக் கட்டை. கம்பாசிட்டர் அவற்றைக் கையில் பிடிக்கும் ஸ்டிக் என்ற தட்டில் ஒரே நேர்வரியாகத்தான் அடுக்க முடியும். வரி சாயாது, வளையாது. அப்படியானால் வால் எப்படி வளைந்தது? வரிகள் எல்லாம் நேராகத்தான் இருக்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வைக்கும் வெற்றுக் கட்டைகளின் அளவைக் கூட்டிக் குறைத்து, வரி தொடங்கும் இடத்தை நகர்த்துகிறார்கள். கண் அதை வளைவாகச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. எழுத்து சிறுக்க, வேறு வேறு அளவு எழுத்துப் பெட்டிகளிலிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் உயரம் வேறு என்பதால் நடுவே ஈயத் தகடுகளைச் செருகி இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சுப் படுக்கையில் வால் உதிர்ந்துவிடும். அந்தக் காலத்து ஆங்கில அச்சகங்களில் மிகச் சிறிய எழுத்து அளவுகளுக்கு முத்து, வைரம் என்று பொருள்படும் பெயர்கள் இருந்தன. சின்னதுக்கு எவ்வளவு மதிப்பு என்று அச்சுக்காரர்களுக்குத் தெரியும்.

இந்த வால் இரண்டு முறை அடுக்கப்பட்டது. முதலில் ஆக்ஸ்போர்டின் கிளாரெண்டன் அச்சகத்தில் 2,000 பிரதிகள். அச்சுச் செலவு முழுவதும் டாட்சனுடையது, மாக்மில்லன் விற்றுக் கொடுப்பதாக ஏற்பாடு. 1865 ஜூலையில் டென்னியல் தன் படங்கள் அச்சான விதம் பிடிக்கவில்லை என்று எழுதினார். டாட்சன் மொத்தப் பதிப்பையும் நிறுத்திவிட்டு, நண்பர்களுக்குக் கொடுத்திருந்த பிரதிகளையும் திருப்பிக் கேட்டு வாங்கினார். பிறகு ரிச்சர்ட் கிளே என்பவரின் அச்சகத்தில் எல்லாம் புதிதாக அடுக்கி, நவம்பரில் வெளிவந்தது, தலைப்புப் பக்கத்தில் 1866 என்ற ஆண்டோடு. ஒதுக்கிய தாள்கள் அமெரிக்கப் பதிப்பாளருக்கு விற்கப்பட்டன. முதல் அச்சில் இன்று மிஞ்சியவை இருபது சொச்சம் பிரதிகள்தான். ஓவியர் குறை சொன்னது படங்களைத்தான், வாலைப் பற்றி இல்லை. ஆனால் அவர் போட்ட சண்டையால் யாரோ ஒரு கம்பாசிட்டர் மறுபடி உட்கார்ந்து வாலைச் சிறுக்க வேண்டியதாயிற்று. அவர் பெயர் புத்தகத்தில் இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம். வாலாக வளைப்பதற்காக வரிகளைக் கண்ட இடத்தில் உடைத்திருக்கிறார்கள். அதனால் எதுகை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்கிறது. உரக்கப் படித்தால் காதுக்கு அழகாகக் கேட்கும். இரண்டு சிறிய அடிகள் தமக்குள் எதுகை, அடுத்தது ஒரு நீளமான அடி. மறுபடி இரண்டு சிறியது, ஒரு நீளம். மொத்தம் நான்கு தடவை. அமெரிக்காவில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த இரண்டு பள்ளி மாணவர்கள் பாட்டை வாலிலிருந்து அவிழ்த்து, இந்த அடி ஒழுங்கில் எழுதிப் பார்த்தார்கள். இரண்டு குட்டை அடிகள் மேலே, ஒரு நீள அடி கீழே நீட்டிக்கொண்டு. பார்த்தால் அது எலி! குட்டை அடிகள் உடம்பு, நீள அடி வால். 1991-இல் நியூயார்க் டைம்ஸ் வரைக்கும் இந்தச் செய்தி வந்தது. வாலுக்குள் நான்கு எலிகள் இத்தனை காலம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பாடத்தைக் கவனிக்காமல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் யாருக்கு உண்டோ அவர்களுக்குத்தான் இது படும்.

கேலிக்கு ஆளான வடிவம்

பாட்டைப் பொருளின் உருவத்தில் எழுதுவது கரோல் கண்டுபிடித்தது கிடையாது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு வாக்கிலேயே கிரேக்கத்தில் ரோட்ஸ் தீவின் சிம்மியாஸ் சிறகு, முட்டை, கோடரி வடிவில் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் சிறகுப் பாட்டும் பலிபீடப் பாட்டும் 1633-இல் அச்சாயின. அவை பக்திப் பாடல்கள். அப்புறம் காற்று மாறியது. 1682-இல் அச்சான ஒரு கேலிக் கவிதையில் ஆங்கிலக் கவிஞர் டிரைடன், சிறகும் பீடமும் செய்கிற கவிகளை ஒரு மூலை மாகாணத்துக்குத் துரத்திவிட்டார். 1711-இல் ஜோசப் அடிசன் தன் பத்திரிகையில் இவையெல்லாம் போலிச் சாமர்த்தியம் என்று எழுதினார். அதற்குப் பிறகு பெரியவர்களின் கவிதையில் இந்த வடிவத்துக்கு மரியாதை குறைந்துபோயிற்று.

மரியாதை போனதே நல்லதாயிற்று என்று தோன்றுகிறது. பெரியவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியது நேராகக் குழந்தைகள் அறைக்கு வந்து சேர்ந்தது. அங்கே சாமர்த்தியம் காட்டினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வேறொரு தூண்டுதலும் சொல்வார்கள். கவிஞர் டென்னிசன், தான் கனவில் கண்ட ஒரு தேவதைப் பாட்டைப் பற்றி டாட்சனிடம் சொல்லியிருக்கிறார். மிக நீண்ட வரிகளில் தொடங்கி, குறைந்து குறைந்து, கடைசி ஐம்பது அறுபது வரிகள் இரண்டே அசையில் முடிந்த பாட்டாம்.

நமக்கும் இந்த வடிவம் பழக்கம்தான். தண்டியலங்காரம் சொல்லணியியலில் சித்திரக்கவிகளை வரிசையாக விளக்குகிறது. முரச பந்தம், நாக பந்தம், சக்கர பந்தம், கோமூத்திரி, மாலைமாற்று. திருமங்கையாழ்வாரின் திருவெழுகூற்றிருக்கையில் எண்கள் ஒன்று இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று இரண்டு ஒன்று என்று ஏழு வரை ஏறி இறங்குவதைத் தேர்ப் படமாகவே அச்சிடுவார்கள். ஆனால் அதன் இன்பம் வேறு. அங்கே வியப்பு, அடக்கம், கணக்கு. எழுத்து எந்தக் கட்டத்தில் விழுந்தாலும் பொருள் குலையாமல் நிற்கும் திறமை. சிரிப்பு அதன் வேலை இல்லை. நாக பந்தத்தைப் பார்த்து யாரும் பாம்பு வந்ததாக நினைத்துத் துள்ளியதில்லை.

குடை வடிவில் குடைப் பாட்டு

கரோலுக்குப் பிறகு இந்த வகையில் எது சிரிக்க வைக்கிறது, எது வைக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஜெர்மன் கவிஞர் மார்கன்ஸ்டெர்ன் 1905-இல் மீனின் இரவுப் பாட்டு என்று ஒன்று வெளியிட்டார். அதில் ஒரு சொல்லும் இல்லை. குறில் நெடில் அசைக் குறிகள் மட்டும், மீன் உருவத்தில். நம் யாப்பில் சொன்னால், சீரை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் நேர் நிரை குறிகளை மட்டும் அடுக்கியதுபோல. மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, சத்தம் வரவில்லை. பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேரின் மழைப் பாட்டில் எழுத்துகள் சாய்ந்து சாய்ந்து கீழே ஒழுகுகின்றன. 1950-களில் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் கான்கிரீட் கவிதை என்ற பெயரில் ஓர் இயக்கமே கிளம்பியது. அந்த வழியில் 1965-இல் ராய்னஹார்ட் டோல் ஒரு ஆப்பிளை வரைந்தார். உள்ளே முழுக்க 'ஆப்பிள்' என்ற சொல்லே திரும்பத் திரும்ப. ஓர் இடத்தில் மட்டும் 'புழு'. கண்டுபிடித்ததும் பிள்ளை கூவும்.

இவற்றில் எல்லாம் வடிவத்துக்குள் ஏதோ நடக்கிறது. வாய் மூடுகிறது, மழை விழுகிறது, புழு அகப்படுகிறது. பள்ளிக்கூடப் பயிற்சிகளில் வரும் வடிவக் கவிதை பெரும்பாலும் இப்படி இல்லை. குடையின் வெளிக்கோட்டை வரைந்து, மழையில் குடை, மழைக்குக் குடை, குடை நல்லது என்று உள்ளே நிரப்பச் சொல்வார்கள். அது கவிதையும் இல்லை, படமும் இல்லை, வெறும் நிரப்பு வேலை. அதே குடை ஒரு காற்றில் திரும்பிக்கொண்டு கிண்ணமாகிப்போனால், கடைசி இரண்டு வரி மேலே புரண்டுவிட்டால், அங்கே சிரிப்பு தொடங்கும்.

நம் எழுத்தில்

தமிழில் வால் வளைக்க முடியுமா? முதல் சிக்கல் சொல்லின் நீளம். வால்நுனிக்கு ஒற்றைச் சொல் வரிகள் வேண்டும், நம் வினைச்சொற்கள் நீண்டுகொண்டே போகும். 'விதித்துவிடுகிறேன்' என்ற ஒரு சொல்லே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும், நுனி மொத்தையாகிவிடும். இரண்டாவது, எழுத்தின் அகலம். 'ணை' அகலம், 'ர' ஒல்லி. ஒகர ஓகாரக் குறிகள் எழுத்தின் இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாவது, எழுத்தை மிகச் சிறிதாக்கினால் முதலில் காணாமல் போவது புள்ளி.

ஆனால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நன்னூல் நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழி சொல்கிறது. வா, போ, தா, நீ, தீ, கை. வால்நுனிக்கென்றே பிறந்தவை. நாயின் தீர்ப்பை வைத்து ஒரு முயற்சி:

    வக்கீல் நானே, சாட்சியும் நானே,
        நீதிபதி யார்? அதுவும் நானே,
            குற்றம் என்ன? அப்புறம் பார்ப்போம்,
              இன்று எனக்கு லீவு,
            நேரம் உண்டு,
          கூண்டில் ஏறு,
            தீர்ப்பு
              இதோ:
                நீ
               சா

கடைசி இரண்டும் அந்த நாற்பத்திரண்டில் உள்ளவைதான். கூண்டில் ஏறு என்ற இடத்தில் வால் உள்பக்கம் வளைவது தற்செயல், ஆனால் விட்டுவிட மனமில்லை.

அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுத்தால் இன்னும் எளிது. வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லியே போதும். வாலைப் பிடித்தால் வாலை மட்டும் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடும், அறுந்த வால் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள்.

    சுவரில் ஒட்டிக் கிடந்தது பல்லி
    அண்ணன் பிடித்தான் வாலை
    அடுத்த நொடி
    பல்லி?
    பரண்மேல்.
    வால்?


                து
              டி
                து
              டி
                து
              டி

இடைவெளி இரண்டு வரி இருக்க வேண்டும். ஒரு வரி விட்டால் பத்தி பிரித்ததுபோல இருக்கிறது, அறுந்ததுபோல இல்லை. எழுத்துகளை வலமும் இடமுமாகத் தள்ளாமல் நேராக அடுக்கினால் வால் செத்துக் கிடக்கிறது. முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது, வைத்தால் துடிப்பு நின்றுவிடும். 'துடிதுடிக்கிறது' என்று முழு வினையாக முடித்துப் பார்த்தால் இலக்கணம் சரியாகிவிடுகிறது, வேடிக்கை போய்விடுகிறது.

வகுப்பில் இதைப் பயன்படுத்த நினைக்கிறவர்களுக்கு இரண்டு காரியம். முதலில் உரக்கப் படித்துக் காட்டாதீர்கள். தாளைக் கொடுத்துப் பார்க்க விடுங்கள், யாராவது ஒரு பிள்ளை தானாகவே து, டி, து, டி என்று குரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் படிக்கும். அடுத்தது, கைபேசியில் வெறும் எழுத்தாக அனுப்பினால் சில செயலிகள் இடைவெளிகளை விழுங்கிவிடும், நீள வரிகளைக் கண்ட இடத்தில் மடிக்கும், வால் நிமிர்ந்துவிடும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவதுதான் நல்லது. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று வைத்தால் எத்தனை கட்டம் தள்ளுவது என்று பிள்ளைகளே எண்ணிக்கொள்வார்கள்.